ஒட்டியாணம் கட்டின இஞ்சின்

இக்கட்ட வாங்க தம்பி, சன்னலோரம் நீங்க உக்காந்துக்குங்க. காத்துக்காகச் சொல்லலைங்க, பேசற ஆள் வலதுகைப் பக்கம் இருந்தாத்தான் எனக்குத் தோது. பாத்து, பாத்து, அந்தப் பையில கால் இடிச்சுக்காதீங்க. கோணிப்பைதானேன்னு நெனைக்காதீங்க, உள்ள இரும்பு. பன்னெண்டு கிலோ. போன தடவை கண்டக்டர் காலால தள்ளப் பாத்துட்டு நொண்டிக்கிட்டே போனாருங்க.

பழனி முட்டும் போறீங்களா? நல்லதுங்க. நான் ஆலாம்பாளையம் பிரிவு. உடுமலை தாண்டி இருவது நிமிசம். மூணாவது தடவை போறனுங்க, இதே பையோட. முன்னால ரெண்டு தடவையும் எறங்கலை. வண்டி பழனி போய்ச் சேந்துருச்சு, அடுத்த வண்டியப் புடிச்சு கோயமுத்தூருக்கே திரும்பிட்டேன். ஊட்டுல கேட்டதுக்கு, கண்டக்டர் கூப்புட்டது காதுல உளுகலைன்னு சொன்னனுங்க. மருமக நம்பிருச்சு. பாவம், நல்ல புள்ளை. பழனி வரைக்கும் போனவன் மலையேறிச் சாமியாச்சும் கும்புட்டிருக்கலாமில்லீங்க? அதுக்கும் எனக்கு மொகம் இல்லை.

காதுல மாட்டியிருக்கறதைத்தானே பாக்கறீங்க? பாருங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. அதுக்கும் வர்றேன். மொதல்ல நான் ஆருன்னு சொல்லிடறேன்.

எம்பேரு சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதியில பட்டறை. கிராங்க் கிரைண்டிங். கிராங்க்குன்னா இஞ்சினோட முதுகெலும்புன்னு வெச்சுக்குங்க. பிஸ்டன் மேலயும் கீழயும் குதிக்குதில்லீங்க, அந்தக் குதியைச் சக்கரம் சுத்தற சுத்தா மாத்தறது அதுதான். தேஞ்சு போச்சுன்னா எங்ககிட்ட வரும், அரைச்சுச் சரி பண்ணித் தருவோம். அரைக்கறது ஆரு வேணும்னாலும் அரைப்பாங்க. எம்பட பேரு அதுல வந்ததில்ல. என்ற காதுல வந்தது.

கிராங்க்குல விரிசல் இருந்தா அரைச்சுப் பிரயோசனம் இல்லைங்க, ஒரு நாள் ரெண்டாப் போயிரும். அதனால அரைக்கறதுக்கு முன்னால கயித்துல கட்டித் தொங்கவிடுவேன். சின்னச் சுத்தியல்ல ஒரு தட்டு. நல்ல கிராங்க்கா இருந்தா கோயில் மணியாட்ட ணங்குன்னு கேட்டு, அப்புடியே இழுத்துக்கிட்டுப் போகும். விரிசல் இருந்தா சத்தம் செத்துப்போகும். மயிரிழையாட்ட விரிசல் இருந்தாலும் சொல்லிருவேன். சேலத்துலருந்து வருவாங்க, பாலக்காட்டுலருந்து வருவாங்க. பட்டறைப் பேரு போர்டுல இருந்துச்சு, ஒருத்தனும் படிச்சதில்ல. "காதுக்காரர் பட்டறை எங்கீங்க?"ன்னுதான் கேட்டு வருவாங்க. அந்தப் பேரைக் கேக்க எனக்கு அத்தனை இனிப்பா இருக்குமுங்க. இப்ப அந்தப் பேரைச் சொன்னா ஓடி ஒளிஞ்சுக்கலாம்னு இருக்குது.

பக்கத்துலயே சவரிமுத்து. பட்டறைக்குள்ள பட்டறை மாதிரி, அவனுக்கு ஒரு லேத்து, ஒரு போரிங் மெசினு. என்னைவிட ஆறு வயசு சின்னவன். இஞ்சின் அடிப்பக்க வேலை, அளவு வேலை எல்லாம் அவன். அளவுன்னா அளவுதானுங்க, தலைமயிரைப் பத்தாப் பிளந்து அதுல ஒரு பங்குக்குக் கணக்குச் சொல்லுவான். வாய் மட்டும் கெடையாது. பத்து வார்த்தை பேசுனா நான் பேசுனது எட்டு.

யமுனா அம்மணியச் சொல்லணுமே. மில்லுக்காரங்க ஊட்டுப் பொண்ணு, அப்பவே நாப்பத்தஞ்சு வயசு இருக்குமுங்க. அவங்கப்பாவோட பழைய கார் ஒண்ணு, முப்பத்தெட்டாம் வருசத்து வண்டி, ஆறு சிலிண்டர் வரிசையா நிக்கும். தெக்க ஒரு எடத்துல சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்ட ஏரோப்ளேன் ஓடுபாதை இருக்குதுங்க, இப்ப ஆடு மேயுது. அங்க பழைய வண்டிக்காரங்க எல்லாம் கூடி வருசம் ஒருக்கா வேகம் பாப்பாங்க. ரேசுன்னு சொன்னாலும் கூட ஓடறதுக்கு வண்டியே கெடையாது. கெடிகாரத்துகூடத்தான் போட்டி. ஒரு கிலோமீட்டரை எத்தனை நொடியில தாண்டுறோம், அவ்வளவுதான். போறப்ப ஒரு ஓட்டம், ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பி வர்றப்ப ஒரு ஓட்டம், ரெண்டையும் கூட்டிப் பாதி.

அவங்கப்பா அந்தக் காலத்துல அதே வண்டியில, அதே எடத்துல மணிக்குத் தொண்ணூத்தி நாலு மைல் வேகத்துல போயிருக்காரு. அவரு செத்து ஒரு வருசம் ஆன பொறவு அம்மணி பட்டறைக்கு வந்து சொன்னாங்க. "சென்னியண்ணா, நூறு மைல் போகணும். அப்பா வண்டியில, அப்பா இஞ்சின்லயே போகணும். வேற இஞ்சின் வைக்கமாட்டேன்."

இஞ்சினுக்கு வேகம் குடுக்கறது சுலுவுங்க தம்பி. கார்புரேட்டரை ரெண்டாக்கு, வால்வைப் பெருசாக்கு, கம்ப்ரசனை ஏத்து, தன்னால பறக்கும். அந்த வேகத்தைத் தாங்க எலும்பு வேணுமே? அது மாட்டுவண்டிக் காலத்து இரும்பு. கிராங்க்கைப் புடிச்சுக்கிட்டு இருக்கறது நாலே நாலு கேப்பு, அதுவும் வார்ப்பிரும்பு. வேகம் ஏறுனா அந்த நீளக் கிராங்க் கயிறாட்ட நெளியும். அதைக் கெட்டி பண்ற வேலைதான் எங்களுக்கு. ஆறு மாசம் பண்ணுனோம். பிஸ்டனைக் கிராங்க்கோட சேக்கற கனெக்டிங் ராடு ஆறையும் சவரி கண்ணாடியாட்டம் தேச்சான். மினுமினுப்புக்காக இல்லீங்க, ஒரு கீறல் இருந்தாக்கூட அங்கருந்து விரிசல் கெளம்பும். வார்ப்புக் கேப்பை எடுத்துப்போட்டு ஸ்டீல்ல புதுசாக் கடைஞ்சான். பொறவு நாலு கேப்பையும் ஒட்டுக்காச் சேத்துப் புடிக்கற மாதிரி, அடியில முழுநீளத்துக்கு ஒரு ஸ்டீல் சட்டம். அதுக்கு அவந்தான் ஒட்டியாணம்னு பேரு வெச்சான். "இடுப்புக்கு ஒட்டியாணம் போட்டாச்சுங்க அம்மணி, இனி நெளியாது"ன்னான். அவன் வாயிலருந்து வந்த ஒரே வேடிக்கைப் பேச்சு. அம்மணி சிரிச்ச சிரிப்பு பட்டறை முழுக்க ரொம்புச்சு.

எல்லாத்தையும் புதுசாப் பண்ணுனோம். கிராங்க் மட்டும் பழசு. அதுக்கு மாத்து கெடைக்கலை. அதனால அதை நான் தட்டிப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் மேல வேலை. புரியுதுங்களா? மொத்தமும் என்ற காதுல நின்னுச்சு.

அந்தக் காது அப்பவே போயிருச்சுங்க தம்பி.

எப்பப் போச்சுன்னு கேக்காதீங்க. ஒரு நாள்ல போறதா அது? மொதல்ல குக்கர் விசில் போச்சு. பொறவு புள்ளைக கீச்சுக் கொரல் போச்சு. சம்சாரம் டிவி சத்தத்தைக் கொறைன்னா, உனக்கென்ன காது கூர்மைன்னு எரிஞ்சு விழுவேன். கிராங்க்கைத் தட்டுனா மணிச்சத்தம் வரவரச் சின்னதா ஆயிட்டே வந்துச்சு. நான் என்ன நெனைச்சேன்னா, இப்ப வர்ற இரும்பு சரியில்லைன்னு நெனைச்சேன். சிரிக்காதீங்க. மெய்யாலுமே அப்புடித்தான் நெனைச்சேன். நாலஞ்சு வருசம் இரும்பைத் திட்டிட்டு இருந்தவன் நான்.

அப்புறம் எப்புடி வேலை ஓடுச்சு? அதான் கேப்பீங்க. தட்டறப்ப இரும்புமேல ஒரு வெரலை வெச்சுக்குவேன், அதிர்வு தெரியும். அதுபோக, சவரி மொகத்தைப் பாப்பேன். அவன் எதுக்க நிப்பான். சத்தம் நல்லா இருந்தா அவன் புருவம் லேசா ஏறும். செத்துப்போச்சுன்னா வாயோரம் இறங்கும். அது அவனுக்கே தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டேன். ஊரை ஏய்ச்சுட்டேன்னு ஒரு கெத்து வேற. "கெரகம் புடிச்சவனே, நான் தட்டறப்ப எதுக்குடா மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கறே, தள்ளி நில்லு"ன்னு சும்மாங்காட்டிக்குத் திட்டுவேன். அவன் தள்ளி நிக்கமாட்டான்.

அம்மணி கிராங்க்கைத் தட்டிப் பாக்கறதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை முடிவாச்சு. அவங்க சிநேகிதங்க எல்லாம் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்களாம். சவரி சொன்னான், "அண்ணா, ஞாயித்துக்கிழமை என்ற பொண்ணுக்குச் சர்ச்சுல புதுநன்மைச் சடங்குங்க, அங்க இருப்பேன். திங்கக்கிழமை வெச்சுக்கலாமுங்களா?" எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "நீ இல்லாட்டி எனக்குத் தட்டத் தெரியாதா? போடா, போய்ப் பொண்ணைப் பாரு." அவன் கிராங்க்கை ஒருக்காத் திரும்பிப் பாத்தான். பொறவு சரிங்ண்ணான்னு போயிட்டான்.

வந்தாங்க. பட்டுச்சேலையும் கூலிங்கிளாசுமா ஏழெட்டுப் பேரு, கையில போனை வெச்சுப் படம் புடிச்சுக்கிட்டு. கிராங்க்குக்கு விபூதி பூசி, கயித்துல தொங்கவிட்டு, நான் சுத்தியல எடுத்தனுங்க. தட்டுனேன். எதுக்க சவரி இல்லை. வெரல்ல அதிர்வு தெரிஞ்சுச்சு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமா நின்ன மாதிரி இருந்துச்சு. இன்னொருக்காத் தட்டுனேன். எல்லார் மொகத்தையும் பாத்தேன். அவங்க என்ற மொகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அத்தனை பேரும். அந்த எடத்துல, "எனக்குச் சரியாக் கேக்கலைங்க அம்மணி"ன்னு சொல்லியிருக்கணும். நாலே வார்த்தை.

"மணிங்க அம்மணி. சுத்தமான மணி!"ன்னேன். கை தட்டுனாங்க.

திங்கக்கிழமை சவரி வந்தான். கிராங்க்கைச் சுத்திச் சுத்தி வந்தான். அப்புறம் மெதுவா, "அண்ணா, சீமெண்ணெய் போட்டு ஒருக்காப் பாத்துரலாமுங்களா?"ன்னான். அது என்னன்னா, சீமெண்ணெயில ஊறவெச்சு, தொடைச்சு, மேல சாக்பீசுத் தூள் தூவிடறது. விரிசல் இருந்தா உள்ள போன சீமெண்ணெய் கசிஞ்சு வெள்ளைத் தூள்ல ஒரு கோடு காட்டும். காது இல்லாதவன் பண்ற வேலைன்னு நான் ஏளனமாச் சொல்லுவேன். பட்டறையில பண்ண விட்டதில்ல. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ. "ஏண்டா, என்ற காதுமேல சந்தேகமா உனக்கு? ஊரே நம்புது, நீ நம்பமாட்டே?"ன்னு எல்லாரும் கேக்கறாப்புல கத்துனேன். "காதுமேல இல்லீங்ண்ணா..."ன்னு ஆரம்பிச்சான். நிறுத்திட்டான். நான் அன்னைக்கே கிராங்க்கை மெசின்ல ஏத்தி அரைச்சு முடிச்சுட்டேன். அவன் கையில கெடைக்கக் கூடாதுன்னு.

அதுக்கப்புறம் அவன் பண்ணுனது ரெண்டு வேலைங்க. ஒட்டியாணம் அரை இஞ்சு கனம்னுதான் படம் போட்டிருந்தோம். அவன் முக்கால் இஞ்சுல போட்டான். எதுக்குடா இத்தனை கனம், வெயிட் ஏறுமேன்னா, "இருக்கட்டுங்ண்ணா"ன்னான். இன்னொண்ணு, ஓட்டறவங்க கால் வெக்கற எடத்துக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ஒரு தடிமனான இரும்புத் தகடு வெச்சு போல்ட்டு போட்டான். அது படத்துலயே இல்லை. கேட்டா, "சும்மாதாங்ண்ணா." எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? இவனுக்கு இரும்பு ஓசியில கெடைச்சிருக்குன்னு தோணுச்சு.

மாசியில ஓடுபாதைக்குப் போனோம். காலையில ஒம்போது மணி, நல்ல வெயில். மொத ஓட்டம். அந்தக் கோடியிலருந்து வண்டி கெளம்பி வர்றது ஒரு புள்ளியாத் தெரிஞ்சுச்சு. எனக்குச் சத்தம் கேக்கலை, தரை அதிர்ந்தது பாதத்துல தெரிஞ்சுச்சு. சர்ருன்னு தாண்டிப் போனாங்க. நூத்தி ரெண்டு மைல்! அம்மணி வண்டிய நிறுத்திட்டு கண்ணாடியக் கழட்டி, வெரல்ல காட்டுனாங்க, ஒண்ணு, சைபர், ரெண்டு. அழுதாங்க. என்ற கையப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. சவரி ஓரமா நின்னுட்டு, "போதுமுங்க அம்மணி, இதோட நிறுத்திக்கலாமுங்களா?"ன்னான். அவங்க சிரிச்சாங்க. திரும்பி ஓடுனாத்தானே கணக்கு? நானும் சிரிச்சேன். "பயந்தாங்கொள்ளி"ன்னு சொன்னேன்.

திரும்பி வர்ற ஓட்டத்துல பாதி தூரத்துல கிராங்க் முறிஞ்சுச்சு.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சுங்க தம்பி. அது செவுடனுக்கும் கேக்கற சத்தம். ராடு இஞ்சின் சுவரை ஒடைச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு, ஆயில் டயர்ல அடிச்சு, வண்டி மூணு சுத்து சுத்தி, புல்லுல போய்ச் சாஞ்சுச்சு. எல்லாரும் ஓடறாங்க. மொதல்ல போய்ச் சேந்தது சவரி. கதவைப் புடுங்கி அம்மணியத் தூக்கிட்டு வந்தான். நான் நின்ன எடத்துலயே நின்னேன். மனசுல என்ன ஓடுச்சுன்னு சொல்லட்டுங்களா? அந்தம்மா பொழைச்சாங்களான்னு ஓடலை. கிராங்க்கா, கிராங்க்கான்னு ஓடுச்சு. மனுசனா நான்?

பொழைச்சுட்டாங்க. காரை எலும்பு ஒடைஞ்சுச்சு, இடது கையில ரெண்டு வெரல் போயிருச்சு. கால் ரெண்டும் தப்பிச்சுது. ராடோட துண்டு ஒண்ணு சவரி வெச்ச தகட்டுல குத்தி நின்னுச்சு, இத்தனை ஆழத்துக்கு. தகடு இல்லைன்னா மொழங்காலோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் இஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டாந்தாங்க. சவரி ஆஸ்பத்திரியில அம்மணிக்குக் காவல் இருந்தான். நான் தனியா இஞ்சினைப் பிரிச்சனுங்க. ஒட்டியாணம் ஒரு இம்மி அசையலை. நாலு கேப்பும் வெச்சது வெச்ச எடத்துல. கிராங்க் ரெண்டு துண்டு. பின்பாதியோட மொகம் மோதி மோதி நசுங்கிருச்சு. முன்பாதியில பாத்தேன். முறிஞ்ச எடம் முச்சூடும் வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அது புது முறிவு. ஓரத்துல மட்டும், பெருவிரல் நகம் அளவுக்கு, கறுப்பா பிறை மாதிரி ஒரு தடம். ஆயில் ஊறிக் கறுத்த தடம். அது பழைய விரிசலுங்க. வருசக்கணக்கா இருந்த விரிசல். இந்தத் தொழில்ல இருக்கற எவனுக்குக் காட்டுனாலும் ஒரே பார்வையில சொல்லிருவான். நான் தட்டுனப்பவே அது அங்க இருந்துச்சு. சீமெண்ணெய் போட்டிருந்தா கோடு காட்டியிருக்கும்.

கோணிப்பையில சுத்துனேன். ஊட்டுக்குக் கொண்டுபோயி கட்டிலடியில வெச்சேன். ஒம்போது வருசம் அதுமேலதான் படுத்தேன்.

ஆமாங்க. இந்தப் பைதான்.

இன்னும் முடியலை, அதுக்குள்ள அப்புடிப் பாக்காதீங்க. புதன்கிழமை மில்லு இஞ்சினீயர் ஒருத்தர் வந்தாரு, அம்மணி ஊட்டு கார் செட்டுக்கு இஞ்சினைக் கொண்டுபோயி அங்க பஞ்சாயத்து. அம்மணியும் கையத் தொட்டில் கட்டிக்கிட்டு நாற்காலியில வந்து உக்காந்தாங்க. முன்பாதி எங்கன்னு இஞ்சினீயர் கேட்டாரு. தெரியாம ஸ்கிராப்புக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்னு சொன்னேன். அவரு படத்தைப் பாத்தாரு, ஒட்டியாணத்தைப் பாத்தாரு. "அரை இஞ்சு போட வேண்டிய எடத்துல முக்கால் இஞ்சு போட்டிருக்கீங்க. இது கோணலா உக்காந்து கிராங்க்கை இறுக்கிப் புடிச்சிருக்கு, அதான் முறிஞ்சிருக்கு"ன்னாரு. சவரி, "அளந்து பாருங்க சார்"ன்னான். ஒடைஞ்சுபோன இஞ்சின்ல என்னத்தை அளக்கறதுன்னாரு அவரு.

அம்மணி என்ற பக்கம் திரும்புனாங்க. "சென்னியண்ணா, நீங்க சொல்லுங்க. உங்க காது கேட்ட கிராங்க். அதுல கோளாறு இருந்திருக்குமா?"

"கிராங்க் மணியாட்ட இருந்துச்சுங்க அம்மணி"ன்னேன்.

"அப்ப ஒட்டியாணம்தான்"ன்னாரு இஞ்சினீயர்.

சவரி என்னைப் பாத்தான். எதுக்க நின்னு பாத்தான், எப்பவும் நிக்கற மாதிரியே. நான் கீழ குனிஞ்சு, "இருக்கலாமுங்க"ன்னு சொன்னேன்.

ஒரே ஒரு வார்த்தை தம்பி. இருக்கலாம். பொய்யின்னுகூடச் சொல்ல முடியாதில்லீங்க? அப்புடித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒட்டியாணம்தான்னு நான் சொல்லலையே, இருக்கலாம்னுதானே சொன்னேன்னு. தூ! வாயில சூடு போடணும்.

சவரி படத்தைச் சுருட்டி வெச்சுட்டு வெளிய போயிட்டான். அதைப் பத்தி அப்புறம் ஒருக்காலும் எங்கிட்டக் கேட்டதில்லை. ஊருக்குள்ள அவனுக்கு ஒட்டியாணக்காரன்னு பேரு வெச்சுட்டானுக. எவனாச்சும் இஞ்சினை எறக்குனா, "ஒட்டியாணக்காரன்கிட்டப் போயிராதே, இறுக்கி முறிச்சுருவான்"ன்னு சொல்லிச் சிரிப்பானுக. எம்முன்னாலயே சொல்லுவானுக. நான் சிரிக்கமாட்டேன், அதுவரைக்கும் நெசம். ஆனா நிறுத்துனதும் இல்லை. ஒரு வருசத்துல அவன்கிட்ட ஒரு இஞ்சினும் வர்றதில்லைன்னு ஆச்சு. லேத்தைக் கொடுத்துட்டு, சம்சாரத்தோட ஊருக்குப் போறேங்ண்ணான்னு வந்து சொன்னான். ஆலாம்பாளையம் பிரிவுல போர் மோட்டார் ரிப்பேர் பண்றான். தலைமயிரைப் பத்தாப் பிளக்கறவன் தம்பி, காயில் சுத்திக்கிட்டு இருக்கான். எனக்கு மட்டும் காதுக்காரர்ங்கற பேரு அப்புடியே நின்னுச்சு. நல்லவேளை, கிரைண்டிங்கை மகன்கிட்ட உட்டுட்டேன். கிராங்க் தட்டறதையும் நிறுத்திட்டேன். கேட்டவங்ககிட்ட முட்டிவலின்னு சொன்னேன்.

சரி, காது மெசினுக்கு வர்றேன். மருமகதான் இழுத்துக்கிட்டுப் போச்சு, நாலு மாசம் ஆச்சு. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்கார வெச்சு, காதுல ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பொத்தானைக் குடுத்தாங்க. சத்தம் கேட்டா அமுக்கணும். கண்ணாடிக்கு அக்கட்ட ஒரு டாக்டர் புள்ளை. நான் பாட்டுக்கு அமுக்கிட்டே இருந்தனுங்க. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அந்தப் புள்ளை கதவைத் தெறந்து சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. "ஐயா, நீங்க சத்தத்தைக் கேக்கலை, என் மொகத்தைப் பாத்து அமுக்குறீங்க. இப்ப நான் திரும்பி உக்காந்துக்கறேன்."

திரும்பி உக்காந்துக்கிச்சு. அதோட எனக்கு ஒண்ணுமே கேக்கலை. அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்து அந்தப் புள்ளையோட முதுகையே பாத்துக்கிட்டு இருக்கேன், அப்பத்தான் தம்பி எனக்கு உறைச்சுது. அஞ்சு நிமிசத்துல இந்தப் புள்ளை கண்டுபுடிச்சுருச்சு. பத்து வருசம் கூட இருந்தவன் கண்டுபுடிச்சிருக்கமாட்டானா? எத்தனை திட்டுனாலும் எதுக்க வந்து நிப்பானே. புருவத்தை ஏத்துவானே. அவனுக்குத் தெரியாம வந்த புருவமா அது? எனக்காக ஏத்துன புருவமுங்க! என்ற பேரு கெடக்கூடாதுன்னு தன் மொகத்தைக் குடுத்துட்டு நின்னிருக்கான். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வேண்டாம்னான். சீமெண்ணெய் போடலாம்னான். அப்பவும் உனக்குக் காது கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்ல முடியாம, தகடு அடிச்சு வெச்சான்.

கூண்டுக்குள்ள ஓன்னு அழுதுட்டனுங்க. அந்தப் புள்ளை பயந்துருச்சு. காது போனதுக்கு அழுகறேன்னு நெனைச்சு, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் ஐயான்னு தட்டிக் குடுத்துச்சு.

அம்மணிகிட்டப் போயிச் சொல்லியாச்சான்னா கேக்கறீங்க? இல்லீங்க. அவங்க ஊடு பட்டறையிலருந்து பத்தே நிமிசம். அதை நீங்க கேக்காமலே இருந்திருக்கலாம். மொதல்ல சவரிகிட்டப் போகணும், பொறவுதான் மத்ததுன்னு வெச்சிருக்கேன். இந்தத் துண்டை அவன் கையில குடுத்து, இந்தக் கறுப்பைப் பாரு, ஊருக்கெல்லாம் காட்டுன்னு சொல்லணும். கறுப்பை நான் காட்டாமலே அவன் கண்டுக்குவான். நான் சொல்ல வேண்டியது ஒண்ணுதான், அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டிய அந்த நாலு வார்த்தை.

என்னங்க, உடுமலை தாண்டிருச்சா? எப்பத் தாண்டுச்சு? பேச்சுல கவனிக்கலை பாருங்க.

தம்பி, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. போன ரெண்டு தடவையும் காதுல உளுகலைன்னு ஊட்டுல சொன்னேன்னு சொன்னனில்ல? இந்த மெசினை மாட்டுனா கொசு பறக்கறது கேக்குதுங்க. உடுமலை தாண்டுனதும் நானே கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். கேக்காம இருக்கணும்னு கழட்டுனேன். காது கேக்காததை இத்தனை வருசம் மறைச்சவன், இப்ப அதுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கறேன். பேச்சு கேக்கறதுக்கு ஆள் இருந்தா கழட்டமாட்டேன்னுதான் உங்களைக் கூப்புட்டுப் பக்கத்துல உக்கார வெச்சேன். உங்களை ஒரு காவலுக்கு வெச்சுக்கிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கண்டக்டர் எந்திரிக்கறாருங்களே. கத்தறாரு, இல்லீங்க? ஆலாம்பாளையம் பிரிவுன்னு.

பாத்தீங்களா, கை தன்னால காதுக்குப் போகுது. புடிச்சுக்குங்க தம்பி இந்தக் கையை. கூச்சப்படாதீங்க, புடிங்க. அந்தா தெரியுதே, நீலக் கதவு, வெளிய மோட்டாரெல்லாம் கெடக்குதே, அதுதான். ஆரோ குனிஞ்சு உக்காந்திருக்காங்க. தலை நரைச்சுப்போச்சே அவனுக்கும்.

வண்டி மெதுவாக்கறான், யாரும் எறங்கலைன்னா போயிருவான். பையை இந்தக் கைக்குத் தூக்கிக் குடுங்க. வேண்டாங்க, நீங்க கத்த வேண்டாம். நானே சொல்லிக்கறேன்.

கண்டக்டர்! நிறுத்துங்க! எறங்கணும்! எனக்குக் கேட்டுச்சுங்க!